அக்காவின் போன் ராயக்கோட்டைக்குப் போனது

எனக்கு வழி தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஓசூருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இன்றைக்கும் பாகலூர் ரோட்டிலிருந்து தளி ரோட்டுக்குக் குறுக்குவழியாகப் போகச் சொன்னால் திருதிருவென்று விழிப்பேன். வீட்டில் இதை வைத்தே என்னை ஓட்டுவார்கள். ஏனென்றால் நான் சம்பளம் வாங்குவதே அடுத்தவர்களுக்கு வழி காட்டும் கருவிகளை ஆராய்வதற்காக. ஆராய்ச்சி வேறு, வழி தெரிவது வேறு என்று எத்தனை தடவை சொன்னாலும் ஒருத்தர் மண்டையிலும் ஏறாது.

ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகம். அதற்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட கட்டடத்தில் எங்கள் கம்பெனி. லாரிகளிலும் பஸ்களிலும் மாட்டுகிற ஜிபிஎஸ் ரிசீவர் செய்கிறோம். மேலே செயற்கைக்கோள்கள் இடைவிடாமல் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். எந்தக் கோளின் குரல் எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது என்று கணக்குப் போட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்பதை ரிசீவர் கண்டுபிடிக்கும். வெளிநாட்டுக் கோள்களோடு நம் நாட்டுக் கோள்களையும் சேர்த்துக் கேட்கும் ஒரு ரிசீவரை உருவாக்குவது என் பொறுப்பு. சொல்வதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. மூன்று வருடமாக என் உயிரை வாங்குகிறது.

ரிசீவர் தடுமாறும் இடங்கள்தான் எனக்கு முக்கியம். ஜவளகிரிக் காட்டோரம் மரங்கள் வானத்தை மறைக்கும். மலையடிவாரத்தில் பாதி வானம் இருக்காது. தகரக் கொட்டகைகளுக்கு நடுவே குரல் சுவரில் பட்டு, சுற்றிக்கொண்டு வந்து சேரும். ஒவ்வொரு தடவையும் ரிசீவரைத் தூக்கிக்கொண்டு அங்கெல்லாம் ஓட முடியாது. அதனால் ஒரு பதிவுக் கருவியைக் காரில் வைத்து ஊர் ஊராகப் போய், அந்தந்த இடத்தில் வானத்திலிருந்து என்ன வந்ததோ அதை அப்படியே பதிவு செய்துகொண்டு வருவோம். பிறகு லேபில் அதைத் திரும்ப ஓடவிட்டால், மேஜையில் இருக்கும் ரிசீவர் தான் காட்டு ரோட்டில் போவதாக நினைத்துக்கொள்ளும். பதிவுகளுக்கு நான் ஊர்ப்பெயர் வைக்கவில்லை, எண் வைத்தேன். ஒன்றிலிருந்து இருபத்தாறு வரை. டிரைவர் ஓட்டுவார், நான் பின்சீட்டில் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு வருவேன். எந்த ஊர் வந்தது, எந்த ஊர் போனது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எந்த எண்ணில் எத்தனை கோள்கள் கிடைத்தன என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன்.

லேபுக்கும் சால்டரிங் ஹாலுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் எட்டுப் பெண்கள் விளக்கு வைத்த லென்சுக்குக் கீழே குனிந்து சர்க்யூட் போர்டில் பற்றவைப்பார்கள். அவர்களில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டில் தெலுங்கு, பக்கத்து மேஜையோடு கன்னடம், என்னோடு தமிழ். கண்ணுக்கே தெரியாத பாகத்தை ஒரே தொடலில் பற்றவைத்துவிடுவார். என்னுடைய பரிசோதனை போர்டுகளை அவரைத் தவிர யாரையும் தொட விடமாட்டேன். இதனால் மற்ற பெண்களுக்கு என் மேல் கொஞ்சம் கடுப்பு உண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நான் டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா வந்து வாசலில் நின்றார். கையில் போன்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். போன்ல இந்த ஜிபிஎஸ்ஸு பொய் சொல்லுமா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஜிபிஎஸ் எதுக்குக்கா பொய் சொல்லணும்? அஞ்சு மீட்டர், பத்து மீட்டர் தள்ளிக் காட்டும். தகரக் கூரைக்குக் கீழ இருந்தா இன்னும் கொஞ்சம் தள்ளும். அதுக்குப் பேரு பொய் இல்ல."

"ராயக்கோட்டைன்னு காட்டுதாம் மேடம்."

சிரித்துவிட்டேன். ராயக்கோட்டை எங்கள் கம்பெனியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். அக்கா சிரிக்கவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

அவருக்கு ஒரே மகள். மூன்று வருடத்துக்கு முன்னால் வீட்டில் சொல்லாமல் ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொண்டு ராயக்கோட்டைக்குப் போய்விட்டாள். தக்காளி மண்டிக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் டீக்கடை வைத்திருப்பதாகக் கேள்வி. அன்றிலிருந்து அந்தப் பேச்சே வீட்டில் கூடாது என்று அக்காவின் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பார்க்கக் கூடாது, போனில் பேசக் கூடாது. அக்காவும் பார்க்கவில்லை, பேசவில்லை. கம்பெனி பஸ் எங்கே வருகிறது என்று தெரிந்துகொள்வதற்காக, அக்கா, வீட்டுக்காரர் இரண்டு பேர் போனிலும் ஒருவர் இருக்கும் இடம் மற்றவருக்குத் தெரிகிற மாதிரி போன் கடையில் செய்து கொடுத்திருந்தார்கள். வீட்டுக்காரருக்கு ரோஜாத் தோட்டத்தில் வேலை. மதியம் சாப்பிட உட்காரும்போது போனைப் பார்ப்பார். இரண்டு வாரமாக, வாரத்தில் இரண்டு மூன்று நாள், சரியாக அந்த நேரத்தில் அக்காவின் புள்ளி ராயக்கோட்டையில் நிற்கிறது.

"நான் இங்கதான மேடம் இருக்கேன். நீங்களே பாக்கறீங்க. அவரு நம்ப மாட்டேன்றாரு. இன்னொரு வாட்டி காட்டுச்சுன்னா வேலைய வுட்டுட்டு வூட்டுல இருன்னு சொல்லிட்டாரு."

"நீங்க இங்கதான் இருந்தீங்கன்னு நான் சொல்றேன். போன் போட்டுக் குடுங்க."

"கம்பெனிக்காரங்க எல்லாம் ஒண்ணாச் சேந்துட்டு சொல்வீங்கன்னுவாரு. மனுசங்க பொய் சொல்லுவாங்க, மெசினு ஏன் சொல்லணும்னு கேக்கறாரு. நீங்க மெசின்காரங்க. நீங்களே என்னான்னு பாத்து சொல்லுங்க."

அந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

முதலில் டவராக இருக்கும் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் எல்லையைத் தாண்டாமலே போன் கர்நாடக டவரைப் பிடித்துக்கொள்ளும். டீ குடிக்கப் போனால் ஒரு மாநிலம், திரும்பி வந்தால் இன்னொரு மாநிலம். ஆனால் டவர் குழப்பியிருந்தால் அத்திப்பள்ளி என்று காட்ட வேண்டும். ராயக்கோட்டை நேர் எதிர்த் திசை. கூரையில் பட்டுத் திரும்பும் குரலா என்று பார்த்தேன். அது நூறு மீட்டர் தள்ளும், மிஞ்சிப்போனால் இன்னும் கொஞ்சம். சூரியனில் ஏதாவது புயலா என்றுகூடத் தேடினேன். ஓசூரில் இருக்கும் ஒரு அக்காவின் போனை மட்டும் சூரியன் குறிவைக்காது என்பது அரை நாள் கழித்துத்தான் உறைத்தது. படித்த படிப்பெல்லாம் எங்கே போனது என்று எனக்கே வெறுத்துப்போனது.

சரி, போனையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஹாலில் வேலை செய்கிறவர்கள் போனைக் கையில் வைத்திருக்கக் கூடாது. பலகைத் தடுப்பில் அடித்திருக்கும் ரேக்கில், ஆளுக்கொரு அறையில் வைத்துவிட்டுத்தான் உட்காருவார்கள். அக்காவுடையது கீழ்வரிசையில் கடைசி அறை. அதே இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்கிற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. லேபைப் பூட்டிவிட்டு, புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் காலையிலிருந்து மதியம் வரை அந்த ரேக்குக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை குனிந்து பார்த்து நோட்டில் எழுதினேன். பெண்கள் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார்கள். போன் ஒழுங்காக இருந்தது. மூன்று நாளும் புள்ளி கம்பெனியை விட்டு அசையவில்லை.

"சரியாத்தான்கா இருக்குது," என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனைக் கொடுத்தேன். அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். சனிக்கிழமை லேபுக்கு விடுமுறை. அன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

லேபில் என் வேலை தேங்கிக் கிடந்தது. திங்கட்கிழமை காலையிலிருந்து அதில் மூழ்கிவிட்டேன். மதியம் அக்கா வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"காட்டியிருக்குது மேடம்."

நான் உட்கார்ந்து பார்த்தால் காட்டாது, எழுந்து போனால் காட்டுமா? என்ன விளையாட்டு இது? எனக்குக் குழப்பம் அதிகமானால் அது கோபமாக மாறிவிடும், அது என் பிறவிக் குணம். அக்கா எதையோ மறைக்கிறார் என்று தோன்றியது. தோன்றிய மாத்திரத்தில் எனக்கு விடையும் கிடைத்துவிட்டது. அந்த விடை எத்தனை கச்சிதமாக இருந்தது என்றால், வேறு எதையும் யோசிக்க வேண்டிய அவசியமே எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அக்காவின் வீட்டுக்காரர் கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டார். கணக்கு முடித்துக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருந்தார். மெலிந்த மனிதர், கை முழுக்க ரோஜா முள் கீறல். சண்டை போடுவார் என்று பயந்துகொண்டே போனேன். அவரோ என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"மேடம், நீங்க படிச்சவங்க. ஒரே ஒரு கேள்விதான். இது தப்பாக் காட்டுதா, சரியாக் காட்டுதா?"

அக்கா பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியவில்லை அண்ணா என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. அந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்கு வாயில் வராது.

"அக்கா இங்கதான் இருந்தாங்க அண்ணா, அதுல சந்தேகமே வேணாம். இந்த போனும் நல்லாத்தான் இருக்குது, நானே மூணு நாள் பாத்தேன். அப்ப ஒண்ணுதான் இருக்க முடியும். அக்கா பேர்ல இருக்கற அக்கவுண்ட் இன்னொரு போன்லயும் ஓடுது. அந்த போன் ராயக்கோட்டைல இருக்குது. அது சிக்னல் எடுக்கறப்போ அந்த எடத்தக் காட்டுது, இது எடுக்கறப்போ இந்த எடத்தக் காட்டுது."

"இன்னொரு போனா?"

"பழைய போன் எதையாவது யாருக்காவது குடுத்திருந்தாக்கூட அப்படி ஆகும்."

அவர் மெதுவாக அக்காவின் பக்கம் திரும்பினார். அக்கா தெலுங்கில் வேகமாக ஏதோ சொன்னார். இல்லை, இல்லை என்று சொல்கிறார் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. வேலை நேரத்தில் ஊர் சுற்றுகிறார் என்ற பழியிலிருந்து அக்காவைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நான் உள்ளே வந்தேன். மகளுக்கு ரகசியமாகப் போன் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று நானே சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை.

புதன்கிழமை அக்கா வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. "நின்னுட்டாங்க மேடம், வூட்டுல அனுப்ப மாட்டேன்னுட்டாங்களாம்," என்றார் சூப்பர்வைசர். போன் செய்தேன், எடுக்கவில்லை. என் போர்டுகளை வேறு ஒரு பெண் பற்றவைத்தாள். பாதி வேலை செய்யவில்லை, அவளிடம் எரிந்து விழுந்தேன். பிறகு அதற்காக வருத்தப்பட்டேன். நான் சரியான காரணத்தைத்தானே சொன்னேன், அதற்கு இவர் ஏன் வேலையை விட வேண்டும் என்று ஒரு பக்கம் வீம்பு. அக்கா அப்படிப்பட்டவர் இல்லையே என்று இன்னொரு பக்கம் உறுத்தல்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள். லேபுக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது என்பது நானே போட்ட சட்டம். அன்றைக்குக் காலையில் எங்கள் வீட்டில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. டேங்கர்காரர் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்ததால் போனைக் கோட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அப்படியே உள்ளே போய்விட்டேன். பதினேழாம் எண் பதிவை ஓடவிட்டுவிட்டு, டேங்கர்காரர் கூப்பிட்டாரா என்று போனை எடுத்துப் பார்த்தேன். திரையின் மேல்பக்கத்தில் எப்போதும் வெயில் எவ்வளவு என்று காட்டும். அதில் ராயக்கோட்டை, லேசான மேகமூட்டம் என்று இருந்தது.

போனை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். ராயக்கோட்டை. நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

பிறகுதான் பெட்டியைப் பார்த்தேன். பதிவை ஓடவிடும்போது ரிசீவரை ஒரு உலோகப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவோம். போலி வானம் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும், வெளியே கசியக் கூடாது. ரிசீவர் எவ்வளவு சூடாகிறது என்று பார்ப்பதற்காக ஒரு மாதத்துக்கு முன்னால் நான்தான் அதற்குள் ஒரு வயரை விட்டிருந்தேன். வயர் நசுங்காமல் இருக்க மூடிக்குக் கீழே ஒரு அட்டைத்துண்டை மடித்து வைத்தேன். விரல் அளவுக்கு மூடி திறந்தே கிடந்தது. அந்த இடைவெளிக்கு நேர் எதிரே பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் ரேக்கின் கீழ்வரிசையில் கடைசி அறை.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துத்தான். பதினேழு: ராயக்கோட்டை, தக்காளி மண்டி அருகே பதினோரு நிமிட நிறுத்தம், டீ. அக்கா வந்து ராயக்கோட்டை என்று சொன்னபோது எனக்கு இது ஏன் தோன்றவில்லை? எனக்கு அது ஊரே இல்லை, பதினேழு. ராயக்கோட்டைக்கு நான் போனதே எனக்கு ஞாபகம் இல்லை. போன் காட்டிய நாட்களையும் பதினேழை நான் ஓடவிட்ட நாட்களையும் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. சூட்டைப் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து நான் ஓடவிட்டது பதினேழை மட்டும்தான். மூன்று நாள் ரேக்குக்கு எதிரே நான் தவம் கிடந்தபோது லேபைப் பூட்டிவைத்திருந்தேனே, எப்படிக் காட்டும்? தப்பு செய்கிறவளே தப்பு செய்வதை நிறுத்திவிட்டுத் தப்பைத் தேடினால் எந்த ஜென்மத்தில் கிடைக்கும்?

ஹாலுக்குப் போய் மற்றவர்களிடம் கேட்டேன். ஒருத்தி சாதாரணமாகச் சொன்னாள்: "எனக்கும் ரெண்டு வாட்டி அப்படிக் காட்டுச்சு மேடம். போன் லூசாயிடுச்சுன்னு ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்கதான் மூணு நாள் உக்காந்து பாத்து ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டீங்களே."

முதலாளியிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது. அந்த அலைவரிசையில் சிக்னலை வெளியே கசியவிடுவது சட்டப்படி குற்றம், தெரிந்தால் ஆராய்ச்சியையே இழுத்து மூட வேண்டியிருக்கும். "மூடிய ஒழுங்கா மூடுங்க. வெளிய யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க," என்றார். மூடியை அன்றைக்கே சரிசெய்தேன். மூச்சு விடாமல் இருக்க மட்டும் என்னால் முடியவில்லை. "அந்தம்மா வீட்டுல மட்டும் சொல்லிட்டு வரேன். அப்புறம் என்ன பண்ணணுமோ பண்ணிக்கோங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது. வேலையே போய்விடலாம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினேன். பாகலூர் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து ஒரு கிராமம். வழியெல்லாம் விசாரித்துத்தான் போனேன், போனைத் திறக்கவே மனசு வரவில்லை. அக்காவும் அவரும் வீட்டில்தான் இருந்தார்கள். நாற்காலி போட்டார்கள். அக்கா தண்ணீர் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. ஏன் வந்தாய் என்பதுபோல ஒரு கலவரம்தான் இருந்தது. அது எனக்குப் புரியவில்லை.

பெட்டி, மூடி, வயர், அட்டைத்துண்டு, பதிவு, மண்டி அருகே டீக்கு நின்றது, ரேக் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நாட்களை எழுதிக்கொண்டு போன காகிதத்தையும் கொடுத்தேன். "தப்பு என்னோடது அண்ணா. அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. அன்னிக்கு கேட்டுல நான் சொன்னதும் தப்பு."

அவர் காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார்.

"அப்ப ராயக்கோட்டைல போனுகீனு ஒண்ணும் இல்ல."

"இல்லைங்க."

"இவ யாருக்கும் குடுக்கல. பேசவும் இல்ல."

"அந்தப் புள்ளி வந்தது என்னாலதான் அண்ணா. அத வெச்சு அக்காவ ஒண்ணும் சொல்ல முடியாது."

திட்டுவார் என்று காத்திருந்தேன். இல்லாவிட்டால் அப்பாடா என்று மூச்சு விடுவார் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. அவர் அக்காவைப் பார்த்தார்.

"அப்ப அன்னிக்குச் சொன்னியே. நம்ம பொண்ணு நல்லா இருக்குது, கடை நல்லாப் போவுதுன்னு சொன்னியே."

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். கடைசியில் அக்கா என்னைப் பார்த்துத்தான் பேசினார், அவரைப் பார்த்துச் சொல்ல முடியாததை என்னிடம் சொல்கிற மாதிரி.

"நீங்க அப்படிச் சொன்னப்புறம் ரெண்டு நாள் சண்ட மேடம். இல்ல, இல்லன்னு சொல்லிச் சொல்லி வாயே வலிச்சுப்போச்சு. மூணாம் நாளு கத்தறத வுட்டுட்டு, சரி, பேசறியே, எப்படி இருக்குதுன்னு கேட்டாரு. மூணு வருசத்துல மொத வாட்டி கேட்டாரு மேடம். தெரியாதுன்னு நான் எப்படிச் சொல்றது? நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டேன். அப்புறம் தெனமும் கேட்டாரு. தெனமும் சொன்னேன்."

நான் உண்மையைச் சொல்ல வந்தேன், சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் பத்து நாளாக இருந்த ஒரே நல்ல செய்தியை என் கையாலேயே பிடுங்கிப்போட்டிருக்கிறேன். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

"அப்ப நல்லா இருக்குதான்னு உனக்குத் தெரியாதா?" என்று அவர் கேட்டார். குரலில் கோபமே இல்லை.

"தெரியாது," என்றார் அக்கா.

அவர் காகிதத்தை மடித்தார், மறுபடி பிரித்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "நீங்க மண்டிகிட்ட நின்னு டீ குடிச்சோம்னு சொன்னீங்களே மேடம். அந்தக் கடைல ஒரு பொண்ணு இருந்துச்சா? சேப்பா, ஒசரமா, இவ மாதிரியே நெத்தி."

அந்தப் பதினோரு நிமிடத்தில் எந்தக் கோள் எந்த நொடியில் மறைந்தது, எது திரும்பி வந்தது என்று எனக்குத் தெரியும். டிரைவர்தான் டீயை ஜன்னல் வழியாக வாங்கிக் கொடுத்தார். நான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"பாக்கலைங்க அண்ணா," என்றேன். அழுகை வந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அவர் தலையை ஆட்டினார். "பரவால்ல வுடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க," என்றார். காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "நாளையிலேர்ந்து இவ வேலைக்கு வருவா மேடம்," என்றார். நான் வந்த காரியம் முடிந்துவிட்டது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

அப்போது அவர் அக்காவிடம் தெலுங்கில் ஏதோ கேட்டார். ராயக்கோட்டை என்ற வார்த்தையும் பஸ் என்ற வார்த்தையும் மட்டும் எனக்குப் புரிந்தன. அக்கா கடிகாரத்தைப் பார்க்கவில்லை, யோசிக்கவும் இல்லை. சுவரோரம் நின்றபடியே தமிழில் சொன்னார்.

"ஓசூருல ரெண்டு பத்துக்கு ஒண்ணு இருக்குது. அத வுட்டா ரெண்டே முக்காலு. ஞாயித்துக்கெழம ரெண்டே முக்கால் வராது."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது போல, புடவைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். மூன்று வருடத்தில் அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை, அது சத்தியம். வீட்டுக்காரர் அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து கொடியில் கிடந்த சட்டையை எடுத்து உதறினார்.

"அப்ப ரெண்டு பத்துக்கே போலாம். கெளம்பு," என்றார்.